தகடு மாறிய ஸ்டொல்லன்

நான் மூடநம்பிக்கை உள்ளவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். தபால் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் முத்திரை குத்தியவளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆனால் ஸ்டொல்லன் விஷயம் வேறு. எங்கள் மலைப்பக்கத்தில் பிறந்தவர்கள் அதில் விளையாட மாட்டார்கள். உலர்திராட்சை, பாதாம், எலுமிச்சைத் தோல், வெண்ணெய் எல்லாவற்றையும் வஞ்சனையில்லாமல் போட்டுப் பிசைந்து, துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை மாதிரி நீளமாக உருட்டிச் சுடுகிற கிறிஸ்துமஸ் ரொட்டி அது. நவம்பரிலேயே சுட்டு, சர்க்கரைப் பொடி தூவி, குளிர்ந்த மாடி அறையில் மூடி வைத்துவிட்டால் கிறிஸ்துமஸ் மாலைக்குள் ருசி ஊறிவிடும். அதுவரை கத்தி படக்கூடாது. ஸ்டொல்லன் முழுசாக இருந்தால் வீடும் முழுசாக இருக்கும். சுடும்போதோ தூக்கி வரும்போதோ உடைந்தால், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாகும்.

பக்கத்து வீட்டு மார்லீஸுக்கு அப்படித்தான் ஆனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேக்கரி வாசல் படியில் உறைபனி வழுக்கி, அவள் கையிலிருந்த பலகை சரிந்தது. தெருவே பார்த்தது. பிப்ரவரியில் சுரங்கத்தில் பாறை விழுந்து அவள் புருஷன் ஹோர்ஸ்ட் செத்தான். "தற்செயல்டி, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னவள் நான்தான். அடுத்த வீட்டுச் சாவைத் தற்செயல் என்று சொல்ல அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே மகன் ஃபால்கோ. இருபத்திரண்டு வயது, அதே சுரங்கத்தில் வேலை.

நான் சொல்லும் வருஷத்தில் என் புருஷன் எக்கார்ட் மாவட்ட மருத்துவமனையில் கிடந்தான். இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் தூசியை விழுங்கியதற்கு நுரையீரல் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது. வலது பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார்கள். பிழைப்பானா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதிக்குப் பாதி" என்றார்.

அந்த நிலையில் எனக்கு ஸ்டொல்லன் சுடும் எண்ணமே இல்லை. மார்லீஸ்தான் வேலி வழியாகக் கூப்பிட்டாள்.

"ஏய் ரோஸ்வி, ஹானோவர்லேர்ந்து என் அக்கா பொட்டலம் அனுப்பியிருக்காடி. பாதாம் இருக்கு, உலர்திராட்சை இருக்கு. பாதி உனக்கு."

"நீயே வெச்சுக்க. இந்த வருஷம் எனக்கு மனசில்ல."

"எக்கார்ட் வீட்டுக்கு வந்து ஸ்டொல்லன் எங்கன்னு கேட்டா, மனசில்லன்னு சொல்லப் போறியா? வெண்ணெயக் கொண்டா, பேசாத."

வருஷா வருஷம் ஆளுக்கு ஆறு சுடுவோம். அந்த வருஷம் கடையில் உலர்திராட்சை கண்ணிலேயே படவில்லை. ஆளுக்கு ஒன்று, பெரிதாக, என்று முடிவு செய்தோம். அவளுடைய பாதாமும் என்னுடைய வெண்ணெயும் இரண்டு வீட்டுக்கும் பொது. எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாக நான் பச்சைத் தக்காளியைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்து நறுக்கிக் கொடுத்தேன். தெரியாதவன் தின்றால் எலுமிச்சை என்றுதான் சொல்வான்.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைகெல்ட் பேக்கரிக்குப் போனோம். வருஷத்தில் எனக்குப் பிடித்த நாள் என்றால் அதுதான். வெளியே நாலு மணிக்கே இருட்டி, மூடுபனி கூரை வரை இறங்கியிருக்கும். உள்ளே அடுப்புச் சூட்டில் ஜன்னலெல்லாம் வியர்க்கும். எட்டுப் பத்துப் பெண்கள் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நீள மேசையில் மாவைப் பிசைவோம். ஜன்னலில் வைக்கிற மெழுகுவர்த்தி வளைவுக்கு யார் வீட்டில் புது வர்ணம், புகை விடும் மரப்பொம்மைக்கு யார் வீட்டில் மூக்கு உடைந்தது என்று பேசிப் பேசியே கிறிஸ்துமஸ் அங்கேதான் தொடங்கும்.

"ரோஸ்வி, அது மாவுதான், உன் மாமியார் இல்ல. மெதுவா!" என்றாள் ஒருத்தி.

"பொம்பளைங்களா, கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க. ஈஸ்ட் பயந்துக்கப் போகுது" என்றார் வைகெல்ட். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்வார். நாங்களும் தவறாமல் சிரிப்போம். அன்று நானும் சிரித்தேன். ஒரு மணி நேரம் எக்கார்டை மறந்தே போனேன். பிறகு ஞாபகம் வந்ததும் சுருக்கென்றது.

கடைசியில் உருட்டி முடித்ததும் அவரவர் தகரத் தகட்டை அவரவர் ஸ்டொல்லன் நெற்றியில் குத்துவோம். அடுப்பில் எல்லாம் கலந்து போனாலும் யாருடையது எது என்று சொல்வது அந்தத் தகடுதான். எங்களுடையதில் எக்கார்டின் அப்பா பெயரெழுத்து. மார்லீஸுடையதில் சுத்தியலும் உளியும். ஒரு முனை வளைந்திருக்கும். அன்றிருந்த ஸ்டொல்லன்களில் எங்கள் இரண்டும்தான் ஒரே அளவு, ஒரே மாவு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"விடியக்காலம் அடுப்புலேர்ந்து எடுத்துடுவேன். ஆறணும். பத்து மணிக்கு முன்னால யாரும் தொடக்கூடாது" என்றார் வைகெல்ட்.

சனிக்கிழமை எட்டரை பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. எக்கார்ட் முதலில் ஸ்டொல்லனைப் பற்றித்தான் கேட்பான். அவன் என்னை மாதிரி இல்லை. சுரங்கத்துக்காரன், எல்லாவற்றையும் நம்புவான். ஒரு தடவை பார்த்துவிட்டால் வாயாரச் சொல்லலாமே என்று எட்டு மணிக்குப் பேக்கரியின் பின்வழியாக நுழைந்தேன். வைகெல்ட் முன்கடையில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார். நடையில் பலகைகள் மேல் எல்லா ஸ்டொல்லன்களும் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அந்த வாசனையில் வாய் ஊறியது.

கோடியில் எங்கள் இரண்டும். ஒன்று அழகாக, பொன்னிறமாக, முழுசாக. மற்றது நடுவில் குறுக்கே பிளந்து இரண்டாகக் கிடந்தது. அதன் நெற்றியில் என் மாமனாரின் பெயரெழுத்து.

செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று மட்டும் தலைக்குள் ஓடியது. பூனைக்கு வேலை இருக்கிறது என்று சொல்கிறவள் அந்த நடையில் இல்லை. பக்கத்தில் இருந்த முழு ஸ்டொல்லனைப் பார்த்தேன். அது யாருடையது என்று பார்க்கவில்லை என்று சொன்னால் என் மனசு ஆறும். பார்த்தேன். வளைந்த முனையைப் பார்த்தேன். ஹோர்ஸ்ட் ஞாபகம் வந்தான், ஃபால்கோவும் வந்தான். அவள் கொடுத்த பாதாம் அந்தப் பிளவில் வெள்ளையாகத் தெரிந்தது.

என் தகட்டைப் பிடுங்கினேன். வழக்கமாகக் கத்திமுனையால் நெம்ப வேண்டும். அன்று தொட்டதும் கையோடு வந்தது. அவளுடையதும் அப்படியே. மாற்றிக் குத்திவிட்டு வெளியே வந்து பஸ் பிடித்தேன். டிக்கெட் வாங்கும்போது விரலில் வெண்ணெய் ஒட்டியிருந்தது.

"ஸ்டொல்லன் எப்படி வந்துச்சு?" என்று கேட்டான் எக்கார்ட். தலையணையிலிருந்து தலையைக்கூட அவனால் தூக்க முடியவில்லை.

"முழுசா வந்திருக்கு" என்றேன். "முழுசா வந்திருக்கு, எக்கார்ட்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

மத்தியானம் திரும்பும் வழியில் பேக்கரிக்குப் போனேன். வைகெல்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பக்கத்து வீட்டு மார்லீஸோடது ஒடஞ்சுபோச்சும்மா. பாவம், மறுபடியும். ஒரு வார்த்தை பேசல. 'மாஸ்டர், நீங்க எதையாவது எடம் மாத்துனீங்களா'ன்னு மட்டும் கேட்டாங்க. நான் எதுக்குத் தொடறேன்? பலகைய மூடி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அடடா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருபத்தாறாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். மாடி அறையில் வெள்ளைத் துணிக்கடியில் இருந்த ஸ்டொல்லனுக்குச் சர்க்கரை தூவப் போகும்போதெல்லாம், குதிக்கத் தோன்றவில்லை. சல்லடையைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

மார்லீஸ் வேலிப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் ஃபால்கோ என்னைத் தெருவில் மடக்கினான்.

"ரோஸ்வி அத்தை, அம்மாகிட்ட கொஞ்சம் பேசுங்களேன். என்னையச் சுரங்கத்துல எறங்க விடமாட்டேங்குறாங்க. டாக்டர்கிட்ட அழுது எனக்கு முதுகுவலின்னு சீட்டு வாங்கிட்டாங்க. நேத்து என் ஹெல்மெட்டையே காணும்! உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில கெடக்குது. வேலையில என்னைய எல்லாரும் ஓட்டுறானுங்க."

"பேசறேன்" என்றேன். பேசவில்லை.

இறந்தோர் ஞாயிறு வந்தது. கிறிஸ்துமஸுக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த ஞாயிறு கழியும்வரை எங்களூரில் ஒரு மெழுகுவர்த்தி வளைவும் ஜன்னலுக்கு வராது. முதலில் செத்தவர்களுக்குக் குளிர்காலப் போர்வை. எல்லோரும் கல்லறைகள்மேல் ஊசியிலைக் கிளைகளை அடுக்குவோம். நான் அம்மா அப்பாவுக்கு அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது இரண்டு வரிசை தள்ளி மார்லீஸ் ஹோர்ஸ்டின் கல்லறையில் முட்டி போட்டிருந்தாள். தப்பித்துப் போகலாம் என்று கூடையை எடுத்தேன். கூப்பிட்டுவிட்டாள்.

"ரோஸ்வி, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீ என் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்."

முகம் ஒட்டிப்போய், பத்து வயசு கூடியிருந்தது அவளுக்கு.

"அந்த ஒடஞ்சது மொதல்லேர்ந்தே என்னோடதுதான்" என்றாள். "தூக்கம் வரல. ஆறு மணிக்கே பின்வழியாப் போயிட்டேன். பாத்தா நடுவுல ரெண்டாக் கெடக்குது, என் தகட்டோட. என் கை தானாப் போச்சுடி. உன் தகட்டப் பிடுங்கி ஒடஞ்சதுல குத்திட்டேன். என்னோடத உன்னோடதுல. எக்கார்ட் எந்த நெலமையில கெடக்குறான்னு தெரிஞ்சேதான். அவன் எப்படியும் பொழைக்க மாட்டான், அவனோட போகட்டும்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன், ரோஸ்வி."

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"பத்து மணிக்குப் போறேன். என் தகடு திரும்பவும் ஒடஞ்சதுல நிக்குது! வைகெல்ட் தொடலையாம். கடவுளே எறங்கி வந்து மாத்தி வெச்சிருக்கார். 'இது உன்னோடது, நீயே எடுத்துக்க'ன்னு. ஹோர்ஸ்ட் போனான். இப்ப ஃபால்கோ. பதினஞ்சு நாளா அவன் தூங்கறப்ப மூக்குல கை வெச்சுப் பாக்குறேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். என் எக்கார்டையா, பாவி, என் எக்கார்டையா! அடுத்து வந்தது சந்தோஷம்; வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். என்னுடையது ஆரம்பத்திலிருந்தே முழுசு. நான் எதையும் திருடவில்லை, என்னுடையதைத்தான் எடுத்திருக்கிறேன். சும்மா இருந்துவிட்டால் போதும். பெரிய மனசோடு, 'விடு மார்லீஸ், மன்னிச்சுட்டேன்' என்றுகூடச் சொல்லலாம். ஊரில் என்னைப்போல் நல்லவள் இல்லை என்பாள்.

அவள் கைகளைப் பார்த்தேன். கையுறைகூட இல்லாமல், ஊசியிலை குத்திக் குத்திச் சிவந்திருந்தன.

"அது கடவுள் இல்லடி" என்றேன். "நான்தான்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"எப்போ?"

"எட்டு மணிக்கு. ஒடஞ்சதுல என் தகடு இருந்துச்சு. மாத்திட்டேன்."

"பக்கத்துல இருந்தது யாரோடதுன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"ஹோர்ஸ்ட் ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். சிரிப்பாள் என்று ஒரு கணம் நம்பினேன். இரண்டு முட்டாள் பெண்கள் ஒரே ரொட்டியை மாற்றி மாற்றி வைத்த கதை, சிரிக்க வேண்டிய கதைதானே?

"கடவுளா இருந்தா தேவலை" என்றாள். "பதினஞ்சு நாளா அவர்கிட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன். என்னைக்காவது மனசு எறங்குவார்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. உன்கிட்ட நான் என்னத்தக் கெஞ்சறது?"

"நீ மட்டும் என்ன பெரிய..."

"ஆமா. நானும்தான். அதான் சொல்றேன். நம்ம ரெண்டு பேருக்குமே வேண்டியது யாராவது சாகணும். நம்ம வீட்டுல இல்லாம."

தன் கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மிச்சக் கிளைகளை நான்தான் ஹோர்ஸ்ட் மேல் அடுக்கினேன். எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை எக்கார்ட் வீட்டுக்கு வந்தான். மறுநாள், கிறிஸ்துமஸ் காலம் தொடங்குகிற திருவருகையின் முதல் ஞாயிறு. இருட்டு விழுந்ததும் தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாக மெழுகுவர்த்தி வளைவுகள் ஏறின. புகை விடும் பொம்மையை நான் மேசையில் வைத்தேன், அறையெல்லாம் சாம்பிராணி மணம். எக்கார்ட் போர்வைக்குள்ளிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதக் கணக்காக இந்தச் சாயங்காலத்துக்குத்தான் ஏங்கினேன்.

"மார்லீஸ் வீட்டுல ஏன் வெளக்கு ஏத்தல?" என்றான்.

சொன்னேன். எல்லாவற்றையும், அவள் முதலில், நான் பிறகு, கல்லறை வரை. திட்டுவான் என்று நினைத்தேன்.

"ஒடஞ்சதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"'முழுசா வந்திருக்கு'ன்னு ரெண்டு தடவ சொன்ன. நீ எதையாவது ரெண்டு தடவ சொல்ற ஆளா? ஒரு தடவ சொல்றதே சத்தமாத்தான் சொல்லுவ. சரி, நம்ம கதை முடிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனேன்."

யாரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் செய்தேனோ, அவன் மனசில் உடைந்த ஸ்டொல்லனோடுதான் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறான். அந்தப் பொய் ஒரு மணி நேரம்கூட அவனுக்கு உதவவில்லை.

"மேல போய் அத எடுத்துட்டு வா" என்றான்.

"இன்னும் நாலு வாரம் இருக்கு, எக்கார்ட். கத்தி படக்கூடாது."

"எடுத்துட்டு வான்னா."

எடுத்து வந்தேன். அவனே கத்தியைப் பிடித்தான். "ஸ்டொல்லன எங்கேர்ந்து வெட்டுவோம்?"

"நடுவுலேர்ந்து. ரெண்டு பாதியையும் ஒட்டி வெச்சாத்தான் காயாது."

"அப்ப வருஷா வருஷம் நாமளேதான் ரெண்டாக்குறோம். ஒருத்தனும் அதுக்கு அழுததில்ல." வெட்டி முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது, தைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். பிறகு ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். "கொண்டுபோய்க் குடு. அவ வாங்கினா வாங்கறா, மூஞ்சியில எறிஞ்சா எறியறா."

ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மார்லீஸ் திறந்தாள். பின்னால் ஃபால்கோவின் பூட்ஸ் வாசலில் கழுவிக் காயவைத்திருந்தது. மறுநாள் அவன் வேலைக்கு இறங்குகிறான் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. துணியை விலக்கினேன். வெட்டிய பக்கத்தில் பாதாமும் பச்சைத் தக்காளியும் தெரிந்தன.

அவள் அதையும் என்னையும் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்தபோது அதே தட்டு அவள் கையில் இருந்தது. அதில் உடைந்த ஸ்டொல்லனின் ஒரு பாதி. அவள் அதற்குச் சர்க்கரைகூடத் தூவியிருக்கவில்லை.

"இத நீ எடுத்துட்டுப் போ" என்றாள். "உன் வீட்டுல வெச்சுக்கறியா?"

எங்கள் ஜன்னல் வழியாக எக்கார்டின் இருமல் அவள் வாசல் வரை கேட்டது. அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஒரு முழு வருஷம் கிடக்கிறது. பாதிக்குப் பாதி என்று கண்ணாடியைத் துடைத்த டாக்டர் ஞாபகத்துக்கு வந்தார். என் கை நீளவில்லை. மார்லீஸ் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. கீழே விழாமல் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கடைசியில் வாங்கிக்கொண்டேன். படியில் உறைபனி இருந்தது. ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன்.